ராத்திரியில் "லொட... லொட..." சத்தம்! சொந்தமாக கீ போர்டு பூட்டும் தாம்பரம் வாலிபர்கள். முதல் தடவை ஏமாறாமல் வாங்குவது எப்படி?

தாம்பரம்:-

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் ராத்திரி 11 மணிக்கு மேல் மாடி வீட்டில் இருந்து "லொட... லொட..." என்று சத்தம் கேட்டால் பயந்து விட வேண்டாம். எலி அல்ல. திருடனும் அல்ல. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் வாலிபர் கீ போர்டு தட்டுகிறார்!

அது கடையில் பெட்டியோடு வாங்கிய சாதாரண கீ போர்டு அல்ல. சட்டம் ஒரு இடம், பலகை ஒரு இடம், சுவிட்ச் ஒரு இடம், எழுத்து மூடி ஒரு இடம் என்று தனித்தனியாக வாங்கி, தன் கையாலேயே பூட்டியது. தையல் கடையில் அளவு கொடுத்து சட்டை தைப்பது போல, கைக்குத் தகுந்த கீ போர்டு!

இதற்கு இப்போது நல்ல மவுசு. ஆனால் விஷயம் தெரியாமல் இறங்கினால் பணம் தண்ணீராய் ஓடும். ஆசை ஆசையாய் வாங்கிய மூடி பலகைக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் சத்தம் தாங்காமல் வீட்டில் சண்டை வரும். முதல் சம்பளத்தில் பாதியைப் போட்டு வாங்கி, ஒரே மாதத்தில் பரண் மேல் தூக்கிப் போட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

முதன்முதலாகப் பூட்ட நினைப்பவர் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

பெருங்குடியில் டைப்ரைட்டர்!

இந்த "லொட லொட" தென் சென்னைக்குப் புதிது அல்ல. இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் பெருங்குடியில்தான் ஒரு காலத்தில் "பேசிட் ஏசியா" கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. பேசிட் டைப்ரைட்டர் இல்லாத ஆபீஸ் இல்லை என்ற காலம் அது.

பம்பாய் கோத்ரெஜ் கம்பெனி 1955-ல் டைப்ரைட்டர் தயாரிக்க ஆரம்பித்தது. மற்ற பல கம்பெனிகள் கைவிட்ட பிறகும் தாக்குப் பிடித்தது. கடைசியில் அதுவும் கடையைக் கட்டிய செய்தி 2011-ல் வந்தது.

பள்ளிக்கூடம் முடித்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேருவது அப்போது ஊர் வழக்கம். "லோயர் முடிச்சாச்சா? ஹையர் எப்போ?" என்றுதான் பெண் பார்க்க வந்த இடத்தில்கூட கேட்பார்கள்.

அந்த எந்திரத்தில் ஒரு எழுத்தை அடித்தால் விரலுக்குத் தெரியும். காதுக்கும் தெரியும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த உணர்ச்சி போய் விட்டது. அதைத்தான் பேரப் பிள்ளைகள் இப்போது காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள்!

ரப்பரா, ஸ்பிரிங்கா?

சாதாரண கீ போர்டில் எழுத்துகளுக்கு அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் ஒரு சின்னக் குமிழ். அழுத்தினால் குமிழ் அமுங்கி, கீழே உள்ள தாளில் மின்சாரத் தொடர்பு ஏற்படும். அடித்தட்டும் வரை அழுத்தினால்தான் எழுத்து விழும். நாளாக ஆக ரப்பர் தொய்ந்து, தட்டுவது சேற்றில் கால் வைப்பது போல ஆகி விடும்.

மெக்கானிக்கல் கீ போர்டு அப்படி அல்ல. ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி சுவிட்ச். அதற்குள் ஒரு ஸ்பிரிங், நடுவில் ஒரு தண்டு, ஓரத்தில் உலோகத் தகடு. ஜெர்மனியின் செர்ரி கம்பெனி 1980-களில் கொண்டு வந்த மாடல்தான் இன்று வரை உலகம் முழுவதும் அளவுகோல். மொத்தம் 4 மில்லி மீட்டர் கீழே போகும். ஆனால் 2 மில்லி மீட்டர் போனதுமே எழுத்து விழுந்து விடும். ஒரு சுவிட்ச் 5 கோடி தடவைக்கு மேல் உழைக்கும் என்பது கம்பெனி கணக்கு.

செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்ததும் கேட்ரான், கைல், அவுடெமு என்று சீனக் கம்பெனிகள் புகுந்தன. விலை மளமளவென்று இறங்கியது. பணக்காரர் பொழுதுபோக்கு நடுத்தர வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

மருந்துக்கடையில் இலவச பரீட்சை!

ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன்பு, மெக்கானிக்கல் கீ போர்டு எப்படி இருக்கும் என்று தெரிந்து கொள்ள ஒரு வழி இருக்கிறது. பக்கத்து மருந்துக்கடைக்கோ, மளிகை சூப்பர் மார்க்கெட்டுக்கோ போய், பில் போடும் மேசையைப் பார்த்தால் போதும்.

அங்கே கறுப்பாக, நீளமாக, "டிக் டிக்" என்று சத்தம் போடும் கீ போர்டு இருந்தால் அது பெரும்பாலும் "டி.வி.எஸ். கோல்டு". சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் சரக்கு. பல வருஷம் அதில் செர்ரியின் நீல சுவிட்ச்தான் இருந்தது. விளையாட்டுப் பையன்கள் மெக்கானிக்கல் கீ போர்டு என்று பேச ஆரம்பிப்பதற்கு முன்பே, நம் ஊர் பில் போடும் பெண்கள் அதைத்தான் தட்டிக் கொண்டிருந்தார்கள்!

தெரிந்த கடையாக இருந்தால், கூட்டம் இல்லாத நேரத்தில், "அண்ணே, ரெண்டு எழுத்து அடிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டுப் பார்க்கலாம். அந்த சத்தம் பிடித்தால் ஒரு முடிவு. பிடிக்காவிட்டால் இன்னொரு முடிவு. இரண்டுமே லாபம்தான்.

முதல் கேள்வி: பக்கத்தில் யார் தூங்குகிறார்கள்?

எல்லோரும் முதலில் கலரைப் பார்க்கிறார்கள். விளக்கைப் பார்க்கிறார்கள். அது தவறு. முதலில் பார்க்க வேண்டியது வீட்டை!

சுவிட்ச் மூன்று ரகம்.

ஒன்று, வழுக்கும் ரகம். லீனியர் என்று பெயர். மேலிருந்து கீழே தடங்கல் இல்லாமல் இறங்கும். செர்ரியில் இது சிவப்பு. சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். சத்தம் குறைவு. விளையாட்டுப் பிரியர்கள் விரும்புவது.

இரண்டு, முட்டும் ரகம். டாக்டைல் என்று பெயர். பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். "எழுத்து விழுந்தாச்சு" என்று விரலே சொல்லும். செர்ரியில் பழுப்பு. நாள் முழுக்க டைப் அடிப்பவர்களுக்கு ஏற்றது.

மூன்று, கிளிக் ரகம். மேடும் உண்டு, "டிக்" என்ற சத்தமும் உண்டு. செர்ரியில் நீலம். டைப்ரைட்டர் ஞாபகம் வருவது இதில்தான். சண்டை வருவதும் இதில்தான்!

தாம்பரத்தில் ஒரு படுக்கை அறை வாடகை வீடு. உள்ளே பாட்டி, தங்கை. கூடத்தில் அப்பா. வெளிநாட்டுக் கம்பெனிக்கு ராத்திரி வேலை. இந்த நிலைமையில் நீல சுவிட்ச் வாங்கினால் என்ன நடக்கும்? "என்னடா இது, ராவெல்லாம் பட்டாணி வறுக்கிற மாதிரி? நாங்க தூங்கறதா வேணாமா?" என்று மூன்றாம் நாளே முழக்கம் கேட்கும்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு சிவப்போ பழுப்போதான் சரி. "சைலன்ட்" என்றே தனி ரகமும் விற்கிறார்கள். தண்டின் மேலும் கீழும் ரப்பர் பட்டை வைத்து சத்தத்தை அமுக்கியது. தனி அறை உள்ளவர் மட்டும் நீலத்துக்கு ஆசைப்படலாம்.

கம்பெனிக்குக் கம்பெனி கலர் மாறும். பெயரும் மாறும். கலரைக் கேட்காமல், "எந்த ரகம்? எத்தனை கிராம்?" என்று கேட்பதே உஷார்.

நீளம் எவ்வளவு வேண்டும்?

முழு கீ போர்டில் 104 எழுத்துகள். வலது பக்கம் எண் பலகை தனியாக இருக்கும். அந்த எண் பலகையை வெட்டி விட்டால் 87. இன்னும் நெருக்கினால் சுமார் 84. மேல் வரிசையையும் எடுத்து விட்டால் சுமார் 68. அம்புக்குறி எழுத்துகளும் போய் விட்டால் 61.

சின்னது அழகாகத்தான் இருக்கும். பையில் போட்டுக்கொண்டு தாம்பரம் - கடற்கரை மின்சார ரெயிலில் ஏறலாம். ஆனால் 61 எழுத்து வாங்கினால் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் இரண்டு விரல் வேண்டும். பழகுவதற்குள் கண்ணீர் வந்து விடும்.

கணக்கு எழுதுபவர், வரி வேலை பார்ப்பவர், பில் போடுபவர் ஆகியோருக்கு எண் பலகை அவசியம். அவர்கள் 104-ஐ விட்டு இறங்கக் கூடாது. புரோகிராம் எழுதுபவருக்கு 84 அல்லது 87 பொருத்தம். முதல் தடவை பூட்டுபவர் 61 பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

சூட்டுக்கோல் வேண்டாம்!

பலகையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சுவிட்சை ஈயம் வைத்துப் பற்ற வைக்க வேண்டும். 84 சுவிட்சுக்கு 168 இடத்தில் ஈயம். கை நடுங்கினால் பலகையே போச்சு.

இன்னொன்று "ஹாட் ஸ்வாப்". பல்பு மாட்டுவது போல சுவிட்சை அழுத்தினால் உட்கார்ந்து கொள்ளும். பிடிக்காவிட்டால் இடுக்கியால் பிடுங்கி வேறு மாட்டலாம். முதல் தடவை பூட்டுபவர் கண்ணை மூடிக் கொண்டு இதைத்தான் வாங்க வேண்டும். சுவிட்ச் ரகத்தில் தவறு செய்தாலும் பலகை தப்பும். நஷ்டம் பாதியாகக் குறையும்.

இதிலும் ஒரு சூட்சுமம். சுவிட்ச் அடியில் சிலவற்றுக்கு 3 கால், சிலவற்றுக்கு 5 கால். 5 துளை பலகையில் இரண்டும் உட்காரும். 3 துளை பலகையில் 5 கால் சுவிட்ச் உட்காராது. ஓரத்து பிளாஸ்டிக் கால் இரண்டையும் நறுக்கினால்தான் உட்காரும்.

பலகை கைக்கு வந்ததும் உடனே சுவிட்சை மாட்டி விடக் கூடாது. முதலில் கம்ப்யூட்டரில் இணைத்து, ஒரு எழுத்துக்கு உரிய இரண்டு துளைகளையும் சின்ன உலோக இடுக்கியால் ஒரே நேரத்தில் தொட வேண்டும். எழுத்து விழுந்தால் அந்த இடம் நன்றாக இருக்கிறது. யு.எஸ்.பி. மின்சாரம் வெறும் 5 வோல்ட்தான். ஷாக் அடிக்காது. எல்லா இடத்தையும் இப்படிப் பார்த்து விட்டால், பழுதான பலகையைப் பூட்டாமலேயே கடைக்குத் திருப்பி விடலாம்.

மாட்டும்போது சுவிட்சை நேராக அழுத்த வேண்டும். சாய்த்து அழுத்தினால் கம்பிக் கால் மடங்கி விடும். "எழுத்து வரலே" என்ற புகாரில் பாதி இந்த மடங்கிய காலால்தான். மெதுவாக நிமிர்த்தி மறுபடி மாட்டினால் வேலை செய்யும்.

மூடியில்தான் மோசடி... இல்லை, ஏமாற்றம்!

எழுத்து மூடிக்கு "கீ கேப்" என்று பெயர். பணம் வீணாவது அதிகம் இதில்தான்.

இரண்டு பிளாஸ்டிக் உண்டு. ஏ.பி.எஸ். என்பது வழவழப்பு. கொஞ்ச நாளில் எண்ணெய் தேய்த்தது போல மின்ன ஆரம்பிக்கும். பி.பி.டி. என்பது சொரசொரப்பு. நாளானாலும் அவ்வளவாக மின்னாது. நம் ஊர் வியர்வைக்கு பி.பி.டி. நல்லது.

எழுத்தை மேலே வெறும் மையால் அச்சடித்தால் தேய்ந்து போகும். இரண்டு நிற பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்று வார்த்தது "டபுள் ஷாட்". மூடி தேய்ந்தாலும் எழுத்து தேயாது.

கீழ் வரிசையில் ஸ்பேஸ் பார் நீளமும், வலது பக்கம் ஷிப்ட் நீளமும் பலகைக்குப் பலகை மாறும். 68, 84 எழுத்துப் பலகையில் வலது ஷிப்ட் குட்டையாக இருக்கும். சாதாரண 104 மூடி செட்டில் அந்தக் குட்டை மூடி இருக்காது. ஒரே ஒரு மூடி இல்லாமல் மொத்த கீ போர்டும் பல் விழுந்த வாய் போல நிற்கும்! வாங்குவதற்கு முன் பலகைப் படத்தையும் மூடிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

ஸ்பேஸ் பார், என்டர், ஷிப்ட் போன்ற நீள மூடிகளுக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும். ஸ்டெபிலைசர் என்பார்கள். அது லொடலொடவென்று ஆடினால் எவ்வளவு விலை போட்டாலும் கீ போர்டு ஓட்டை வண்டிதான். அதற்கென்று விற்கும் கிரீசை ஒரு சொட்டு தடவினால் சத்தம் அடங்கும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஊற்றுவது கூடவே கூடாது.

தமிழ் எழுத்து எங்கே?

இவ்வளவும் செய்து கீ போர்டு தயார். "சரி, தமிழ்ல எப்படி அடிப்பே?" என்று அப்பா கேட்டால் பல வாலிபர்கள் விழிக்கிறார்கள்.

உண்மை என்னவென்றால், எந்த கீ போர்டிலும் தமிழ் அடிக்கலாம். "இத்தனாவது இடத்து எழுத்து அழுத்தப்பட்டது" என்று மட்டும்தான் கீ போர்டு சொல்லும். அது ஆங்கில "எச்" ஆவதும், தமிழ் "க" ஆவதும் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளைப் பொறுத்தது. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் பழைய டைப்ரைட்டர் முறை, தமிழ்-99 முறை இரண்டையும் கொடுக்கின்றன.

டைப்ரைட்டர் முறைக்குப் பழைய சரித்திரம் உண்டு. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா சென்ற ஆர்.முத்தையாவைத்தான் தமிழ் டைப்ரைட்டரின் தந்தை என்கிறார்கள். அந்த எந்திரத்தில் புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது. அதனால் முதலில் புள்ளி, பிறகு எழுத்து. இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்கள் விரலில் இந்த வரிசைதான் ஊறிக் கிடக்கிறது. அவர்கள் கம்ப்யூட்டரிலும் அதே முறையைத் தேர்ந்தெடுத்தால் விரல் தடுமாறாது.

புதிதாகக் கற்பவருக்கு தமிழ்-99. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 எழுத்து தெரிந்தால் போதும். உயிர் எல்லாம் இடது கை. மெய்யில் பெரும்பாலானவை வலது கை. 247 எழுத்தும் இதற்குள் அடக்கம். "க"வை இரண்டு தடவை தட்டினால் "க்க" என்று புள்ளி தானாகவே விழும்!

இடது ஆள்காட்டி விரல் தங்கும் "எப்" எழுத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். தமிழ்-99-ல் புள்ளி உட்கார்ந்திருப்பது அதே இடத்தில்தான். கண்ணால் பார்க்காமலேயே புள்ளி வைக்கலாம்.

மூடியில் தமிழ் எழுத்து அச்சடித்தது கிடைப்பது கஷ்டம். சின்ன ஸ்டிக்கர் ஒட்டிப் பழகி, கை பழகியதும் பிய்த்து விடலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையும் தமிழுக்குப் பழகும்.

எவ்வளவு ஆகும்?

68 எழுத்துப் பலகை, சட்டத்தோடு ரூ.5 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். சுவிட்ச் ஒன்று ரூ.25 வீதம், உடைவதற்கும் சேர்த்து 70 வாங்கினால் ரூ.1,750. மூடி செட் ரூ.1,500. கிரீஸ், இடுக்கி ரூ.500. ஆக மொத்தம் ரூ.8,750.

கடையில் சாதாரண கீ போர்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆகவே இது தேவை அல்ல, ஆசை. ஆசைக்கு வரம்பு போட்டுக் கொண்டு இறங்க வேண்டும். முதல் கீ போர்டுக்கு அலுமினியச் சட்டம், பித்தளைத் தகடு எல்லாம் வேண்டாம். பிளாஸ்டிக் சட்டம் போதும்.

மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் நேரில் பார்த்து வாங்கலாம். ஆர்டர் கொடுத்து தபாலில் வாங்குபவர்கள் உள்நாட்டுக் கடையாகப் பார்ப்பது நல்லது. வெளிநாட்டு விலை மலிவாகத் தெரியும். சுங்க வரியும் தபால் செலவும் சேர்ந்ததும் தலை சுற்றும்.

"முன்பணம் கட்டுங்கள், ஆறு மாதத்தில் தயாரித்துத் தருகிறோம்" என்று கூட்டாகப் பணம் வசூலிக்கும் முறையும் இந்தப் பொழுதுபோக்கில் உண்டு. சீட்டுக் கட்டுவது போலத்தான். ஆறு மாதம் இரண்டு வருஷம் ஆனதும் உண்டு. கடையே மூடிப் போய் பணம் போனவர்களும் வெளிநாடுகளில் உண்டு. முதல் தடவை பூட்டுபவர் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது.

காசு இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் பழைய மெக்கானிக்கல் கீ போர்டு கண்ணில் படலாம். மூடியைப் பிடுங்கிப் பார்த்து, உள்ளே சிலுவை வடிவத் தண்டு தெரிந்தால் பேரம் பேசலாம். மூடிகளை சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டினால் புது மெருகு! ஆனால் சந்தையில் சோதித்துப் பார்க்க வழி இல்லை. போனால் போகட்டும் என்ற விலைக்கு மேல் கொடுக்கக் கூடாது.

கை வலி போகுமா?

"மெக்கானிக்கல் கீ போர்டு வாங்கினா கை வலி போயிடும்" என்று ஒரு பேச்சு உலாவுகிறது. அதை நம்பி பணத்தைக் கொட்டக் கூடாது.

சிலருக்கு லேசான சுவிட்ச் சுகமாக இருக்கும். அவ்வளவுதான். கீ போர்டு சட்டம் உயரமாக இருந்தால் மணிக்கட்டு மேல் நோக்கி மடங்கி வலி கூடத்தான் செய்யும். நாற்காலியின் உயரம், முழங்கையின் மட்டம், நடுநடுவே ஓய்வு ஆகிய மூன்றும்தான் முக்கியம். விரல் மரத்துப் போகிறது, ராத்திரியில் கை குடைகிறது என்றால் போக வேண்டியது கீ போர்டு கடைக்கு அல்ல, டாக்டரிடம்!

மெப்ஸ் வளாகமும், தரமணியும், சிறுசேரியும் ஆயிரக்கணக்கான வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் விரலால் சோறு போடுகின்றன. தச்சருக்கு உளி போல, தையல்காரருக்குக் கத்தரி போல, அவர்களுக்குக் கீ போர்டு. நல்ல கருவி வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை.

ஆனால் வாங்கும் வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. முதலில் வீடு. அடுத்து வேலை. அதற்குப் பிறகு பை. கலரும் விளக்கும் எல்லாவற்றுக்கும் கடைசி!